'லோ புரொபைல்' அட்டைக்கு ஒரு தமிழ்ச்சொல்: சனிக்கிழமைக்கு முன் வேண்டும்

கிளிநொச்சி, ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வாசிகசாலைக்கு ஆறு பழைய அலுவலகக் கணினிகள் கிடைத்திருக்கின்றன. எல்லாமே மெலிந்த பெட்டிகள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் காணொளித் தொகுப்பும் முப்பரிமாண வரைதலும் பழக வேண்டும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் வரைகலை அட்டை (கிராபிக்ஸ் காட்) போடப் போகிறோம். எதை வாங்கலாம் என்று தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு எழுதிச் சனிக்கிழமை வகுப்பில் கொடுக்க வேண்டும்.

சிக்கல் ஒரு சொல்லில்தான்: மெலிந்த பெட்டிக்குள் போகும் உயரம் குறைந்த அட்டையை ஆங்கிலத்தில் 'லோ புரொபைல்' என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன? என் முதற் குறிப்பில் 'சிறிய அட்டை' என்று எழுதிவிட்டேன். ஒரு மாணவனின் தகப்பனார் அதை நம்பிப் புதுக்குடியிருப்பிலிருந்து வவுனியா வரை போய், கடையில் 'இருக்கிறதிலேயே சின்னது இதுதான்' என்று கொடுத்ததை வாங்கி வந்தார். ஒற்றை விசிறி, ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஆனால் உயரம் முழு உயரம். பெட்டிக்குள் போகவே இல்லை. கடையும் திருப்பி எடுக்கவில்லை. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. எனக்கு அதுதான் இன்னும் வலிக்கிறது.

அட்டைக்கு மூன்று அளவு உண்டு: நீளம், தடிப்பு, செருகுவாயிலிருந்து (தாய்ப்பலகையில் அட்டையைச் செருகும் இடம்) எழும் உயரம். வழமையான அட்டை 111 மில்லிமீற்றர் உயரம். இந்தப் பெட்டிகளுக்கு 69 மில்லிமீற்றருக்கு மேல் ஆகாது. அந்த உயரக் குறைவை மட்டும் சொல்லும் சொல் வேண்டும்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பிள்ளை, சொல் நம்மிடமே இருக்கிறது. குறுமை + அட்டை = குற்றட்டை. மை விகுதி போக, நன்னூல் சொல்லும் தன்னொற்றிரட்டலால் றகரம் இரட்டிக்கும். சிறுமை + ஊர் சிற்றூர் ஆனதும், குறுமை + எழுத்து குற்றெழுத்து ஆனதும் இதே வழியில்தான். முழு உயரத்துக்கு நெட்டட்டை. நெட்டெழுத்து இருக்கிறதல்லவா? குறில் நெடில் படித்த பிள்ளைக்கு இந்தச் சோடி தானாகப் புரியும்.

குறுமை உயரத்தையும் குறிக்குமா என்று கேட்பீர்கள். அகத்தியரைக் குறுமுனி என்றது அவர் உயரத்தை வைத்துத்தான். வாமனனுக்குக் குறளன் என்று பெயர். ஆகவே குறள் அட்டை என்றாலும் எனக்குச் சம்மதமே.

இன்னொன்று. நம் பக்கத்தில் எல்லோரும் வரைகலை அட்டையை 'விஜிஏ காட்' என்கிறார்கள். விஜிஏ என்பது ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த காட்சித் தரம். இன்றைய அட்டைகள் பலவற்றில் அந்த இணைப்பே கிடையாது. அந்தப் பெயரையும் இந்தக் குறிப்போடு விட்டுவிடுவோம்.

முல்லைத்தீவு, கணினி திருத்துபவர்

ஐயா, குற்றட்டை என்று சொன்னால் என் கடைக்கு வருபவர்கள் 'அதில் என்ன குற்றம்?' என்று கேட்பார்கள். மழைக்காலத்தில் அட்டை என்றாலே காலில் ஏறுவதுதான் முதலில் ஞாபகம் வரும். நம் சனம் உயரம் குறைந்த ஆளைக் கட்டை என்கிறது. கட்டைக் காற்சட்டை எல்லோர் வீட்டிலும் உண்டு. 'கட்டை அட்டை' என்று போடுங்கள். விஜிஏ காட் என்ற பெயரையும் ஓரத்தில் எழுதாவிட்டால் கடையில் ஒருவருக்கும் விளங்காது.

ரீச்சர், சொல்லைவிட அவசரமான சில விஷயங்கள் குறிப்பில் வர வேண்டும். செருகுவாய் கொடுப்பது 75 வாட்தான். இந்த மெலிந்த பெட்டிகளின் மின்வழங்கியில் அட்டைக்கென்று தனி வயர் பெரும்பாலும் இராது. அதனால் மேலதிக இணைப்புக் கேட்கும் அட்டை வேண்டாம். ஜிஃபோர்ஸ் ஜிடி 1030 என்ற அட்டைக்கு 30 வாட் போதும், ஆனால் அதே பெயரில் 2018இல் டிடிஆர்4 நினைவகத்தோடு வந்தது நன்றாகவே வேகம் குறைந்தது. அட்டை வரும் பெட்டியில் ஜிடிடிஆர்5 (வேகமான நினைவக வகை) என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரேடியான் ஆர்எக்ஸ் 6400 அட்டை கணினி விளையாட்டுக்குப் பரவாயில்லை. ஆனால் அது நான்கு தரவுத் தடங்களில்தான் பேசும், செருகுவாய் பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையாக உள்ள பழைய தாய்ப்பலகையில் மூச்சு வாங்கும். காணொளியைக் குறியாக்கும் பகுதியும் அதில் இல்லை, உங்கள் வகுப்புக்கு அதுவே பெரிய குறை. காசு இருந்தால் 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி நினைவகம் உள்ளது. 70 வாட். இந்த உயரத்தில் கிடைக்கிறது, ஆனால் இரண்டு செருகுவாய் இடத்தை அடைக்கும் தடிப்பு. பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

கட்டைப் பிடிதகடு (அட்டையைக் கணினிப் பெட்டியோடு பூட்டும் உயரம் குறைந்த தகடு) அட்டையோடு வருகிறதா என்று கடையிலேயே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் எந்த அட்டையும் பூட்டாது.

மாங்குளம், மொழிபெயர்ப்பாளர்

ஐயாவின் சொல்லும் தம்பியின் சொல்லும் ஒரே இடத்தில் இடறுகின்றன. குறுமுனி உயரம் என்றால், குறுந்தொகை நீளம்: நாலடி முதல் எட்டடி வரையான பாட்டு. கட்டை ஆள் உயரம் என்றால், கட்டைக் காற்சட்டை நீளம். குறு, நெடு, கட்டை எல்லாமே இரண்டு பக்கமும் போகும். புதுக்குடியிருப்பு ஐயா வாங்கி வந்ததும் ஒரு கட்டை அட்டைதானே?

உயரத்தை மட்டும் சொல்வது 'தாழ்'. தாழ்வாரம் என்கிறோம். தாழ் அட்டை என்று போடலாம்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தங்கச்சி நல்ல கேள்வி எழுப்பியிருக்கிறார். நெடிய பனை உயரம், நெடுந்தீவு நீளம். அப்படியானால் நம் நெடுங்கேணி? நீண்ட கேணியா, ஆழமான கேணியா? நெடுமை மேலே போனால் உயரம், கீழே போனால் ஆழம், படுத்தால் நீளம். நம் முன்னோர் திசையைப் பார்க்கவில்லை, தொலைவைத்தான் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நெடுங்கேணிக்காரர் யாராவது குழுவில் இருந்தால் ஊர்ப்பெயருக்கு வீட்டில் என்ன சொல்லி வளர்த்தார்கள் என்று எழுதுங்கள்.

தம்பி, 'வாட்' என்று எழுதாதீர்கள். நம் பாடநூலில் உவாற்று. தமிழ்நாட்டில் திறன் என்பதை நாம் வலு என்று படித்தோம். பிள்ளைகள் இரண்டு தமிழுக்கு நடுவில் தடுமாறக் கூடாது.

கிளிநொச்சி, ஆசிரியை

உவாற்று என்று மாற்றிவிடுகிறேன், ஐயா.

அக்கா, 'தாழ்' வேண்டாம். தாழ்ந்தது என்றால் தரம் குறைந்தது என்று பிள்ளைகள் எடுப்பார்கள். அதோடு, அந்தச் சொல் நம் மண்ணில் மனிதர்மேல் எப்படி எறியப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பொருளுக்கு என்றாலும் கரும்பலகையில் அதை எழுத எனக்குக் கை வராது.

முல்லைத்தீவு, கணினி திருத்துபவர்

தாழ் வேறு விதத்திலும் பிழைக்கும். பெட்டியை நிமிர்த்தி வைத்தால் அட்டை படுத்துவிடும். அப்போது உயரம் என்று சொல்வது பக்கவாட்டில் அல்லவா போகிறது? மேலும் கீழும் பார்க்காமல் அட்டையை மேசையில் படுக்கவைத்துப் பாருங்கள். நீளம் இருக்கிறது, அகலம் இல்லை. அதற்கு நாம் சொல்வது ஒடுக்கம். ஒடுக்கமான ஒழுங்கை என்றால் விளங்காத ஆள் வன்னியில் உண்டா? ஒடுக்க அட்டை.

மாங்குளம், மொழிபெயர்ப்பாளர்

ஒடுக்கு என்றால் எனக்கு ஒடுக்குமுறைதான் காதில் விழுகிறது. தடிப்புக் குறைவு என்று எடுக்கவும் இடம் உண்டு. ஆனாலும் இதுவரை வந்தவற்றில் இது மேல்.

கிளிநொச்சி, ஆசிரியை

தம்பி இரவல் தந்த 3050 அட்டையையும் புதுக்குடியிருப்பு அட்டையையும் நேற்று மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வகுப்பில் ஐந்து பேர். 'எது கட்டை?' என்றேன். எல்லோரும் புதுக்குடியிருப்பு அட்டையைக் காட்டினார்கள். 'எது ஒடுக்கம்?' என்றேன். ஒருவரும் யோசிக்கவில்லை, 3050ஐத் தொட்டார்கள்.

அதனால் 'ஒடுக்க அட்டை' என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். அந்தச் சொல் முதலில் வரும் இடத்தில் 'லோ புரொபைல்' என்பதையும் 69 மி.மீ. என்ற அளவையும் சேர்த்து எழுதுகிறேன். கடைக்குப் போகிறவர் கையில் அளவுகோல் இருக்கட்டும்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அச்சடியுங்கள், பிள்ளை. நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஒடுங்கின பானை என்றால் நசுங்கின பானை. புத்தம்புது அட்டைக்கு அந்தப் பெயரா என்பது எனக்கு இன்னும் மனதுக்கு ஒவ்வவில்லை. குழுவின் சொற்பட்டியலில் குற்றட்டைக்கும் ஒரு வரி வையுங்கள். இருபது வருடம் கழித்து யாருக்காவது உதவும்.

முல்லைத்தீவு, கணினி திருத்துபவர்

ரீச்சர், அந்த ஐயா வாங்கின அட்டையை 3050ஓடு சேர்த்து என்னிடம் அனுப்பிவிடுங்கள். முழுப் பெட்டி வைத்திருக்கும் ஒருவர் அட்டை தேடுகிறார். வாங்கின விலைக்கே கொடுத்துப் பார்க்கிறேன்.