ஆறாம் நாள் சாயங்காலம்

குடியை நிறுத்துவதற்கான டீடாக்ஸ் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது குணமாகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். உள்ளே இருந்தது ஐந்து நாள். முதல் நாள் வியர்வையும் கைநடுக்கமும். இரண்டாம் நாள் ராத்திரி சுவரில் ஏதோ ஊர்கிற மாதிரி தெரிந்தது. நடுக்கத்தை அடக்கும் குளோர்டயசெப்பாக்சைடு மருந்து கொடுத்து நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார்கள், தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார்கள். ஐந்தாம் நாள் தண்ணீர் டம்ளரைச் சிந்தாமல் தூக்கினேன். அவ்வளவுதான், ஜெயித்தாச்சு!

ஆறாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு உடம்பு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டது. சத்தியமாக நான் எதையும் முடிவு செய்யவில்லை. பதினாலு வருஷமாக அந்த நேரத்துக்கு வெளியே போன கால், அது பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. வாசற்படியிலேயே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருபது, இருபத்தைந்து நிமிஷம். அப்புறம் அது தானாக இறங்கியது. ஏறுகிற ஆசை இறங்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை ஒருநாளும் இறங்கும்வரை காத்திருந்ததில்லையே.

தூக்கம்தான் கடைசிவரை படுத்தியது. டாக்டர் சொன்ன விளக்கம் எனக்குப் புரிந்தது: மது மூளையை அழுத்தி வைத்திருந்தது, அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டது. இப்போது அழுத்தம் போய்விட்டது, வேகம் மட்டும் மிச்சம். அது அடங்க வாரக்கணக்கில் ஆகும், தூக்கம் சீராக மாதங்கள்கூட ஆகலாம் என்றார். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று பயந்திருக்க மாட்டேன்.

47-ஆம் நாள் சறுக்கினேன். எல்லோரும் துக்கத்தில் குடிப்பதாகச் சொல்வார்கள், எனக்கு அன்று நல்ல நாள். வேலையில் பாராட்டு. 'ஒன்றே ஒன்று' என்று தொடங்கினேன். அந்த ஒன்று என்னைக் கவிழ்க்கவில்லை. 'போச்சு, 47 நாளும் போச்சு, இனி என்ன' என்ற நினைப்புதான் அடுத்த மூன்று நாளையும் குடித்தது. ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்து எழுதியிருக்கிறார் என்று பிறகு கவுன்சிலர் சொன்னார். குற்ற உணர்ச்சிதான் சறுக்கலை முழுக்குடியாக்குகிறதாம்.

இரண்டாவது டீடாக்ஸ் முதலாவதைவிட மோசம், வலிப்பே வந்தது. விட்டு விட்டுக் குடித்து நிறுத்தினால் ஒவ்வொரு தடவையும் மூளை இன்னும் கடுமையாகக் கிளர்ந்தெழலாம் என்றார்கள். ரொம்ப நாள் தினமும் குடித்தவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே திடீரென்று நிறுத்திப் பார்க்காதீர்கள்.

இன்றைக்கு 212-ஆம் நாள்.

*

நான் குடித்தவள் இல்லை, குடித்தவரின் மனைவி. உறவுக்காரர் ஒருவர் டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடு என்றார். நல்லவேளை, டாக்டரிடம் கேட்டேன். மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகலாமாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம்வரை அந்த ஆபத்து உண்டு. விஷயம் தெரிந்து, சம்மதித்துத்தான் சாப்பிட வேண்டும். கடைசியில் அவருக்கு நால்ட்ரெக்சோன் கொடுத்தார்கள், ஆசையைத் தணிக்கிற வகை.

ஆனால் என் பிரச்சினைக்கு மாத்திரை இல்லை. அவர் பத்து நிமிஷம் தாமதமாக வந்தாலும் கதவைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பேன். அவருக்கும் தெரியும், பேசாமல் நிற்பார். அதை நிறுத்த ஏழு மாதம் ஆனது.

*

தம்பி, நான் குடியை விட்டுப் பதினோரு வருஷம். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்று குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற கூட்டம் உண்டே, அதனால் நிறுத்தியவன் நான். மாத்திரையை அங்கே சில பழைய ஆட்கள் இளக்காரமாகப் பேசுவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எது தாங்குகிறதோ அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். 1935-இல் பில் வில்சன் வெளியூரில் தொழில் கைவிட்டுப்போய் ஹோட்டலில் தவித்தபோது, பாருக்குப் போகாமல் இன்னொரு குடிகாரரைத் தேடித்தான் போன் போட்டார். கிடைத்தவர் டாக்டர் பாப். ஏஏ அப்படித்தான் பிறந்தது. அதனால் புதிதாக வருபவர்களிடம் முதலில் ஒன்றுதான் கேட்பேன்: சாயங்காலம் ஆறு மணிக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்? பெயர் சொல்லத் தெரியவில்லை என்றால் என் நம்பரை எழுதிக் கொடுப்பேன். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் எது இருந்தாலும் கூப்பிடலாம். போன மாதம் நானே ஒருவரைக் கூப்பிட்டேன், பதினோரு வருஷத்துக்கு அப்புறமும்.

*

முதலில் எழுதியவன்தான். அண்ணா, ஆறு மணிக்கு எனக்கு இப்போது இரண்டு பெயர் இருக்கிறது. அக்கா, ஏழு மாதம் என்றீர்களே, என் வீட்டில் எட்டாவது மாதம் நெருங்குகிறது, இன்னும் முகர்கிறாள். கேட்டால் ஜலதோஷமாம்.