காசு கொடுத்து வாங்கிய கேம் திறக்க மறுத்ததுண்டா? உங்கள் அனுபவங்கள்

கல்லடி வாசி:
இலங்கையின் 2022 மின்வெட்டுக் காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மடிக்கணினியில் சார்ஜ் இருந்தது, ரவுட்டர்தான் செத்துக் கிடந்தது. அந்த இருட்டுக்கென்றே வாங்கி வைத்திருந்த கேம், சேவையகத்துடன் இணைய முடியவில்லை என்று சொல்லி மூடிக்கொண்டது. தனி ஆளாக விளையாடும் கதை கேம் அது! எதிரே இன்னொருவர் ஆடினால் இணையம் கேட்பதில் நியாயம் உண்டு. பக்கத்து வீட்டுத் தம்பியோ பூட்டு உடைத்த பிரதியில் பற்றரி தீரும்வரை ஆடினான். காசு கொடுத்து வாங்கிய பிரதிதானா என்று சோதிக்கும், டிஆர்எம் எனப்படும் இந்த டிஜிட்டல் உரிமைப் பூட்டால் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். நல்லதும் இருந்தால் எழுதுங்கள்.

காத்தான்குடி நானா:
தம்பி, இது டிஸ்க் காலத்திலேயே தொடங்கிய வருத்தம். வாப்பா கட்டாரிலிருந்து கொண்டுவந்த அசல் டிஸ்க்குகள் இன்றும் கீறல் இல்லாமல் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் பல சேஃப்டிஸ்க் பூட்டுப் போட்டவை. அந்தப் பூட்டுக்குத் தேவையான டிரைவர் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால், 2015இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. டிஸ்க் பழுதில்லை, கணினி பழுதில்லை, ஆனாலும் கேம் ஓடாது. 2008இல் ஸ்போர் என்ற கேம் வந்தபோது மூன்று கணினிகளில் மட்டுமே பதியலாம் என்றார்கள். வாங்கியவர்கள் கொதித்த பிறகு அது ஐந்தானது. உடைத்த பிரதி வைத்திருந்தவனுக்கு அந்தக் கணக்கே இல்லை.

காரைதீவு:
நான் மறுபக்கம் சொல்கிறேன். 2024 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கணினி மூழ்கிப்போனது. புதிய மடிக்கணினி வாங்கி இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் என் கணக்கில் நுழைந்தேன். பழைய கேம்கள் எல்லாம் பட்டியலில் அப்படியே இருந்தன, சிலவற்றில் நான் விட்ட இடம்கூட. நானா வைத்திருக்கும் டிஸ்க்குகள் அன்று எங்கள் அலுமாரியில் இருந்திருந்தால் சேற்றோடு போயிருக்கும். திரும்ப இறக்கத்தான் உயிர் போனது. ஒரு கேம் 60 ஜிபி என்றால், இரவு டேட்டாவை நம்பி விடிய விடிய விழித்திருக்க வேண்டும்.

ஒலுவில் மாணவன்:
நண்பர்களோடு சிறிய கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். அதனால் விற்பவன் பக்கமும் புரிகிறது. பெரிய கேம்களுக்கு முதல் சில வாரங்களில்தான் விற்பனை சூடு பிடிக்கும். அந்த நாட்களில் உடைத்த பிரதி வராமல் தடுக்கத்தான் 2014 முதல் டெனுவோ என்ற பூட்டுக்குக் காசு கொடுக்கிறார்கள். பல நிறுவனங்கள் சில மாதங்களில் அதை எடுத்தும் விடுகின்றன. அந்த அளவோடு நின்றால் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. எரிச்சல் எங்கே என்றால், 2021இல் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜின் உடைத்த பிரதி அசலைவிடத் தடங்கலின்றி ஓடியது. அது வெளியே தெரிந்த பிறகே அதை வெளியிட்ட கேப்காம் திருத்தம் விட்டது. முழு விலை கொடுத்தவனுக்குத் திக்கித் திணறும் கேமைக் கொடுத்தால் திருட்டை எப்படிக் குறை சொல்வது?

கல்லடி வாசி:
காரைதீவு சொன்ன கணக்கு வசதியை மறுக்கவில்லை. ஆனால் கணக்கும் கம்பெனியின் கையில்தானே? 2014இல் வந்த தி க்ரூ என்ற கார் ஓட்டும் கேமின் சேவையகத்தை 2024 மார்ச் 31இல் யூபிசாஃப்ட் நிறுவனம் நிறுத்தியது. தனியாக ஓட்டுபவர்களுக்கும் கேம் போய்விட்டது. நாம் வாங்குவது பொருளையல்ல, அனுமதியை மட்டுமே என்று கடையிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் இருக்கிறது. இங்கே அப்படிக் கேட்க ஆளில்லை.

பூட்டே இல்லாமல் விற்கவும் முடியும். விட்சர் 3 என்ற கேம், 2015இல் ஜிஓஜி என்ற விற்பனைத் தளத்தில் முதல் நாளிலிருந்தே பூட்டில்லாமல் கிடைத்தது. மொத்தத்தில் 5 கோடிக்கு மேல் விற்றது.

காத்தான்குடி நானா:
எல்லோராலும் அப்படி விற்க முடியுமா தம்பி? அது அவ்வளவு நல்ல கேம்.

களுவாஞ்சிக்குடி:
அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். ஜிஓஜியில் வாங்கினால் நிறுவும் கோப்பை வெளி வன்தட்டில் போட்டு, இணையமே இல்லாத அம்மம்மா வீட்டுக் கணினியில் பதியலாமா?

காரைதீவு:
தாராளமாக. கணினிக்கு அந்த கேமைத் தாங்கும் சக்தி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்டீமில் வாங்கினால், லைன் இருக்கும்போதே ஒருமுறை கேமைத் திறந்துவிட்டு ஆஃப்லைன் நிலைக்கு மாறுங்கள், பெரும்பாலானவை ஓடும். அட்டைக்கு வெளிநாட்டுக் கொடுப்பனவு அனுமதி உண்டா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள், டொலரில்தான் கழியும்.