5⁰ என்பதன் மதிப்பு 1 என்று குழந்தைக்கு எப்படிப் புரிய வைப்பது?

கேள்வி:
எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அடுக்குக்குறி விதிகளைப் பிசகில்லாமல் ஒப்பிக்கிறாள். ஆனால் கணக்கு என்று வந்தால் 2³ × 2⁴ என்பதற்கு 4⁷ என்றும், 2⁻³ என்பதற்கு −8 என்றும், 5⁰ என்பதற்கு 0 என்றும் எழுதிவிடுகிறாள். முதல் பிழையை, இரண்டுகளை வரிசையாக எழுதி எண்ணிக் காட்டி நானே திருத்திவிட்டேன். ஆனால், "ஐந்தை ஒரு தடவைகூட எழுதவில்லையே, பிறகு 1 எங்கிருந்து வருகிறது?" என்று அவள் கேட்டபோது, விதி அப்படித்தான் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

பதில் 1:
வணக்கம் அம்மா. நான் கணித ஆசிரியர். விதியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, 2⁴ = 16, 2³ = 8, 2² = 4, 2¹ = 2 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். அடுக்கு ஒன்று குறையும்போதெல்லாம் விடை பாதியாகிறது என்பதை அவளே கண்டுகொள்வாள். அப்படியே இறங்கினால் 2⁰ = 1, 2⁻¹ = 1/2, 2⁻² = 1/4, 2⁻³ = 1/8 என்று வரும். அடுக்கில் உள்ள குறைக்குறி வகுத்தலைத்தான் காட்டுகிறதே தவிர, விடை குறை எண் என்று சொல்வதில்லை. ஜெர்மானியக் கணிதர் மிக்கேல் ஸ்டீஃபல் 1544ஆம் ஆண்டிலேயே 1/8 முதல் 64 வரை இதே வரிசையை −3 முதல் 6 வரையுள்ள எண்களின்கீழ் எழுதிக் காட்டியிருக்கிறார்.

பதில் 2:
வரிசை நல்ல வழிதான். ஆனால் அவள் கேட்டது காரணத்தை. 5³ × 5⁰ என்பதில் அடுக்குகளைக் கூட்டினால் 5³, அதாவது 125 வர வேண்டும். 5⁰ என்பது 0 ஆக இருந்தால் 125 × 0 = 0 ஆகி, விதியே உடைந்துவிடும். 125ஐ மாற்றாமல் விடும் பெருக்கும் எண் 1 மட்டுமே. கூட்டலில் "ஒன்றும் செய்யவில்லை" என்பதற்கு 0 எப்படியோ, பெருக்கலில் அதற்கு 1 அப்படி. அடிமானம், அதாவது அடுக்கு ஏறும் எண், 0 ஆக இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வகுக்கும்போது அடுக்குகளைக் கழிப்பதால் 5³ ÷ 5³ = 5⁰ ஆகிறது; அதையே 0³ ÷ 0³ என்று எழுதினால் பூச்சியத்தால் வகுக்க நேரும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வரிசையை 1/8 வரை அவளே எழுதி முடித்து, −8ஐயும் அடித்துத் திருத்தினாள். அடுத்த கணக்கிலேயே 2³ + 2⁴ = 2⁷ என்று எழுதிவிட்டாள்!

பதில் 1:
என் வகுப்பிலும் இது தவறாமல் நடக்கும், அம்மா. அடுக்குகளைக் கூட்டுவது பெருக்கலுக்கு மட்டுமே உரியது. 8 + 16 = 24 என்று மதிப்பைப் போட்டுப் பார்த்தால், 2⁷, அதாவது 128, பொருந்தாது என்பது உடனே தெரிந்துவிடும். பிறகு 2³ஐப் பொதுவாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள்: 2³ × (1 + 2) = 8 × 3 = 24. அடைப்புக்குறிக்குள் அந்த 1 எப்படி வந்தது என்று கேட்டால், இம்முறை அவளே சொல்வாள்.