தேக்கா பக்கம் கடைவீட்டு ஹோட்டல்: புக் பண்றதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

காவேரிக்கரை:
திருச்சியிலிருந்து சிங்கப்பூர், மூணு ராத்திரி. நான், மனைவி, அம்மா. அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி, மாடிப்படி ஆகாது. லிட்டில் இந்தியா (தேக்கா), ஜாலான் புசார் பக்கம் பழைய கடைவீடுகளை (கீழே கடை, மேலே வீடுன்னு கட்டினது) ஹோட்டலா மாத்தியிருக்காங்களே, படத்துல அள்ளுது, விலையும் கைக்கு அடக்கமாத்தான் இருக்கு. ஆனா ஒரே ஹோட்டல்ல ரெண்டு ரூம் பார்க்க ஒரே மாதிரி இருந்தும் 30 டாலர் வித்தியாசம் காட்டுது. ஏன்? மூணு பேர் ஒரே ரூம்ல தங்க முடியுமா? ஃப்ளைட் காலையில 6 மணிக்கு இறங்குது, அதுக்கு என்ன பண்றது? 120++னு போட்டா கடைசியில எவ்வளவு வரும்?

ஐந்தடிப்பாதை:
அந்த 30 வெள்ளி பெரும்பாலும் ஜன்னலுக்கான விலைதான். கடைவீட்டுக்கு முகப்பு குறுகல், உள்ளே ரயில்பெட்டி மாதிரி நீளம். ரெண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோட பொதுச்சுவர், அதுல ஜன்னல் வைக்க வழியே கிடையாது. தெருவைப் பார்த்து ஒன்றிரண்டு ரூம், பின்சந்தைப் பார்த்து ஒன்றிரண்டு ரூம், இவற்றுக்குத்தான் நிஜ ஜன்னல். நடுவில் விழும் ரூமுக்கு ஒன்று ஜன்னலே இருக்காது, இல்லாவிட்டால் வெளிச்சத்துக்காக விட்ட முற்றத்தையோ நடைவழியையோ பார்த்து ஒரு கண்ணாடி இருக்கும். லிட்டில் இந்தியா 1989லிருந்து பாதுகாக்கப்பட்ட வட்டாரம், முகப்பை இஷ்டத்துக்கு உடைத்துக் கட்டவும் முடியாது. படத்தில் நீங்கள் ரசிக்கிற மரக்கதவு ஜன்னல் கட்டடத்தின் முகப்பில் இருக்கிறது, உங்கள் ரூமில் இருக்கும் என்று அர்த்தமில்லை.

புக்கிங் பக்கத்தில் ரூம் பெயருக்குக் கீழே இருக்கும் வரியைப் படியுங்கள். ‘ஜன்னல் இல்லை’ என்றோ ‘உள்பக்க ஜன்னல்’ என்றோ அங்கேதான் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒன்றுமே போடாமல் விலை மட்டும் குறைவாக இருந்தால், ஜன்னல் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தூங்க மட்டும்தான் ரூம் என்றால் ஜன்னல் இல்லாததே நல்லது என்பேன், தெருச்சத்தம் வராது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் என்ன கூட்டம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். தொல்லை ஈர வாடையில்தான். வெளியே கிளம்பும்போது சுவரில் சொருகிய சாவிக் கார்டை உருவினால் ஏசி நின்றுவிடும். நனைந்த துண்டு பாத்ரூமில் தொங்கும். நீங்கள் திரும்பி வரும்போது ரூம் முழுக்கப் பூஞ்சை வாடை. வெளியே போகும்போது துண்டை வெளுக்கப் போட்டுவிடுங்கள், பாத்ரூம் கதவைச் சாத்துங்கள். திரும்பி வந்ததும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஏசி ரிமோட்டில் ‘டிரை’ இருந்தால் அதில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ஏசியை 18ல் வைத்தால் சுவர்தான் வியர்க்கும். 24, 25 போதும்.

அம்மா விஷயம் இதைவிட முக்கியம். பல கடைவீட்டு ஹோட்டல்களில் லிஃப்ட் கிடையாது. இருக்கிற இடத்திலும் ரிசப்ஷனே முதல் மாடியில் இருக்கலாம், அல்லது லிஃப்டை விட்டு இறங்கினதும் ரெண்டு மூணு படி இருக்கலாம். பக்கத்துப் பக்கத்து வீடுகளை உடைத்து இணைத்ததில் தளங்கள் ஒரே மட்டத்தில் வராததுதான் காரணம். ‘லிஃப்ட் உண்டா’ என்று கேட்காதீர்கள், உண்டு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ‘தெருவிலிருந்து ரூம் வரை எத்தனை படி’ என்று மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாத்ரூம் வாசல் திட்டின் உயரத்தையும் கூடவே கேளுங்கள்.

நைட் ஆடிட்:
பணக் கணக்கு. ++ன்னா 10% சர்வீஸ் சார்ஜ், அதையும் சேர்த்த தொகைக்கு மேல 9% ஜிஎஸ்டி (2024 ஜனவரியிலிருந்து 9). 120 + 12 = 132, அதுக்கு ஜிஎஸ்டி 11.88, மொத்தம் 143.88. 19% இல்ல, 19.9%. ஏர்போர்ட்ல டூரிஸ்டுக்குத் திருப்பித் தர்ற ஜிஎஸ்டி கடையில வாங்கின சாமானுக்குத்தான், ரூம் வாடகைக்குக் கிடையாது. சில புக்கிங் தளங்கள் முதல் பக்கத்துல வரியில்லாத விலையைக் காட்டும், அதனால எப்பவும் கடைசிப் பக்கத்து மொத்தத்தை வச்சே ஒப்பிடுங்க.

செக்-இன்ல ஹோட்டல் கேட்கிற டெபாசிட்டை டெபிட் கார்டுல குடுக்காதீங்க. கிரெடிட் கார்டுன்னா லிமிட்டைத்தான் பிடிச்சு வைக்கும். டெபிட்டுன்னா நிஜமாவே பணம் முடங்கிடும், ஹோட்டல் அன்னிக்கே விடுவிச்சாலும் நம்ம பேங்க்ல வந்து சேர ரெண்டு வாரம்கூட ஆகும். கிளம்புறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் பண்ணிடுங்க. மெஷின் ‘ரூபாயா, சிங்கப்பூர் டாலரா’ன்னு கேட்டா டாலர்தான். ரூபாய்னு அமுக்கினா அந்த மாத்து விலையில அவங்க ஒரு பங்கு எடுத்துக்குவாங்க.

மூணு பேர் ஒரே ரூம்லங்கறது கஷ்டம். இந்த ரகத்துல 12 சதுர மீட்டர் ரூம் சகஜம், அதாவது பாத்ரூமும் சேர்த்து சுமார் 10க்கு 13 அடி. எக்ஸ்ட்ரா பெட் போடக் காசு இருந்தாலும் இடம் இருக்காது. ரெண்டு பேருன்னு புக் பண்ணிட்டு மூணு பாஸ்போர்ட்டை நீட்டினா கவுன்ட்டர்லயே மாட்டுவீங்க. மூணு பேருன்னு போட்டே தேடுங்க. குடும்ப ரூம் கிடைக்கலைன்னா ரெண்டு சின்ன ரூமை ஒரே தளத்துல கேளுங்க.

காலை 6 மணி: செக்-இன் பெரும்பாலும் மதியம் 2 இல்ல 3 மணிக்குத்தான். பெட்டியை இலவசமா வச்சுக்குவாங்க, ஆனா அம்மா அதுவரைக்கும் எங்க உட்காருவாங்க? வந்து இறங்குற நாளுக்கு முந்தின ராத்திரிக்கும் சேர்த்து ரூம் எடுத்துடுங்க. எடுத்த கையோட ‘மறுநாள் காலை 8 மணிக்கு வருவோம்’னு ஹோட்டலுக்கு எழுதிடுங்க. எழுதலைன்னா ராத்திரிக் கணக்கு முடிக்கும்போது ‘ஆள் வரலை’ன்னு பதிவாகி, மிச்ச நாளும் சேர்ந்து ரத்தாகிடும். இந்த ஒரு வரி மெயில் எழுதாம எத்தனை பேர் கவுன்ட்டர்ல நின்னு சண்டை போடுறாங்க!

காவேரிக்கரை:
தெளிவாயிடுச்சு, நன்றி. முந்தின ராத்திரிக்கும் சேர்த்தே எடுத்துடறேன். ஏர்போர்ட்டிலிருந்து எம்ஆர்டியா (மெட்ரோ ரயில்), டாக்சியா?

பூகிஸ்வாசி:
அம்மா, பெட்டி ரெண்டும் இருந்தால் டாக்சி. ரயிலில்தான் என்றால், எக்ஸ்போவில் டவுன்டவுன் பாதைக்கு மாறி ஒரே வண்டியில் லிட்டில் இந்தியா போகலாம் என்று ஆப் காட்டக்கூடும். அது மரினா பேயைச் சுற்றிக்கொண்டு வரும். தானா மேராவில் மாறி பூகிஸ் போய், அங்கிருந்து ரெண்டு ஸ்டேஷன் போவதுதான் சுருக்கு. ஹோட்டல் ஜாலான் புசார் ஸ்டேஷன் பக்கம் என்றால் மட்டும் எக்ஸ்போ வழி சரி, சுற்றுக்கு முன்னாலேயே இறங்கிவிடலாம். டிக்கெட் எடுக்க வேண்டாம், தட்டிச் செலுத்தும் பேங்க் கார்டே போதும், ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும்.

பிளக் இங்கே தட்டையான மூன்று கால், 230 வோல்ட். நம்ம ஊர் உருண்டை முள் ஏறாது. சாவிக் கார்டை உருவினால் பல ரூமில் சார்ஜரும் நின்றுவிடும், ஃபிரிட்ஜ் சொருகியிருக்கும் பாயிண்ட் மட்டும் ஓடும். அம்மாவுக்கென்று குட்டி ரைஸ் குக்கர் எடுத்து வராதீர்கள், ரூமில் சமையல் கூடாது, புகை மணி அடித்தால் கட்டடமே வெளியே நிற்கும். லிட்டில் இந்தியாவில் சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கும் தேக்கா சென்டரில் விடிந்ததுமே இட்லி கிடைக்கும்.

எஸ்ஜி அரைவல் கார்டில் (சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்பும் படிவம்) தங்குமிட முகவரி கேட்பார்கள், ஹோட்டல் பெயர், போஸ்டல் கோடு கையில் இருக்கட்டும். வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். அது இலவசம். காசு கேட்கும் பக்கம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.