கலிவரின் பயணங்கள்: முதற்பதிப்பில் ஆசிரியர் பெயர் இல்லாதது ஏன்?

ஹட்டன் ஆசிரியை:
உயர்தர மாணவர்களுக்காக ஜொனதன் ஸ்விஃப்டின் இந்நாவல் பற்றிக் குறிப்பெழுதுகிறேன். டப்ளின் பேராலயமொன்றின் தலைமைக் குருவாக இருந்தவர், 1726இல் தம் பெயரை மறைத்ததேன்? எந்தப் பதிப்பை நம்பலாம்?

பதுளை வாசகர்:
அச்சத்துக்குக் காரணம் இருந்தது, டீச்சர். அயர்லாந்தின் மீது திணிக்கப்பட்ட செப்புக்காசுகளை எதிர்த்து 1724இல் அவர் புனைபெயரில் எழுதிய கடிதங்களுக்காக, எழுதியவரைக் காட்டிக்கொடுப்போருக்கு 300 பவுண் வெகுமதி அறிவிக்கப்பட்டதுடன், அச்சிட்டவர் சிறையிலும் அடைக்கப்பட்டார். ஆகவே நாவலின் கைப்பிரதியை வேறொருவர் கையெழுத்தில் படியெடுக்கச் செய்து, கதாநாயகன் கலிவரின் உறவினர் எனச் சொல்லிக்கொண்ட ஒரு கற்பனை மனிதரின் பெயரில் இலண்டன் பதிப்பாளர் பெஞ்சமின் மொட்டுக்குக் கடிதம் அனுப்பினார். வாடகைக் குதிரைவண்டியில் வந்த யாரோ, இருட்டில் பிரதியைத் தம் வீட்டில் போட்டுச் சென்றதாக மொட் சொன்னாராம். (இந்த நாடகத்தை ஸ்விஃப்ட் மிகவும் இரசித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.) ஒக்டோபர் 28இல் நூல் வெளிவந்தது.

பண்டாரவளை நூலகர்:
மொட்டும் பயந்தவர்தான், அரசைச் சீண்டிய பகுதிகளை மாற்றியே அச்சிட்டார். அதனால் ஸ்விஃப்ட் சினந்தார். திருத்தங்களுடன் ஜோர்ஜ் ஃபோக்னர் 1735இல் டப்ளினில் வெளியிட்ட பதிப்பையே பெரும்பாலான இன்றைய பதிப்புகள் பின்பற்றுகின்றன. ஆயினும் கதையில் வரும் பறக்கும் தீவுக்கு எதிராக ஒரு நகரம் கிளர்ந்தெழும் பகுதி அதிலும் இல்லை; அது 1899இல்தான் அச்சேறியது.

ஹட்டன் ஆசிரியை:
மிக்க நன்றி. எங்கள் நூலகத்தில் உள்ளது குள்ள மனிதரின் நாடான லில்லிபுட்டுடன் முடியும் சிறுவர் சுருக்கம் மட்டுமே. முழு நூலைத் தேடிப் பெறுகிறேன்.