ஐப்பசி மழைக்கு முன் கசிவுநீர்க் குட்டையைப் பெரிதாக்கலாமா?

கரட்டோரம் (கிருஷ்ணகிரி மாவட்டம்) கேட்டது:

வணக்கம். ஒரு நகராட்சிக் குப்பைக் கிடங்கில், ஒப்பந்த நிறுவனத்தின் சார்பில் தள மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். ஏறக்குறைய நான்கு ஏக்கர் இடம். மேற்கே கரடு. கிழக்கே நிலம் சரிந்து ஓடையில் முடிகிறது. ஓடை ஏரிக்குப் போகிறது. குப்பையின் பெரும்பகுதி பல ஆண்டுகளுக்கு முன் வெறும் தரையில் கொட்டப்பட்டது, அடியில் நீர்புகாத பிளாஸ்டிக் தாள் கிடையாது. குப்பையிலிருந்து வடியும் கசிவுநீரைப் பிடிக்க 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் தாள் விரித்த குட்டை ஒன்று உண்டு. சென்ற ஐப்பசியில் ஒரே இரவு மழைக்கு அது நிரம்பி வழிந்து, கறுப்புத் தண்ணீர் ஓடை வரை போய்விட்டது. மாம்பழக் காலத்திலும் நிம்மதி இல்லை. சந்தையிலிருந்து வரும் தோலும் அழுகிய பழமும் மழை இல்லாமலேயே கசிகின்றன.

குட்டையை இரண்டு மடங்காக்கிவிடலாம் என்கிறார்கள் அலுவலகத்தில். பிளீச்சிங் பவுடர் தூவினால் போதும் என்று இன்னொருவர் சொல்கிறார். குட்டைத் தண்ணீரை வெளியே கொண்டுபோக டேங்கரில் ஏற்றும்போது குழாய் கழன்று சிந்துவதும் நடக்கிறது. சரிவில் விவசாயக் கிணறுகள் இருக்கின்றன. கையில் இருக்கும் பணமும் நாளும் குறைவு. எதை முதலில் செய்யட்டும்?

ஓய்வுபெற்ற பொறியாளர், தருமபுரி:

தம்பி, குட்டையை இப்போதைக்கு விட்டுவிட்டுக் கரட்டுப் பக்கம் ஏறிப் பாருங்கள். உங்கள் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். நான்கு ஏக்கர் சுமார் 16,000 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் உங்கள் குப்பையின் தலையில் 8 லட்சம் லிட்டர் விழுகிறது. கரட்டிலிருந்து இன்னொரு நான்கு ஏக்கர் பாறைச் சரிவு உங்கள் பக்கம் வடிகிறது என்று வையுங்கள். பாறை குடிக்காது, விழுந்ததில் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். உங்கள் குட்டை விளிம்பு வரை நிரம்பினாலும் கொள்வது 4 லட்சம் லிட்டர்தான். இரண்டு மடங்காக்கினாலும் அடுத்த பெருமழைக்கு வழியும். குப்பையைத் தொடாத மழைநீர் வெறும் மழைநீர். தொட்ட பிறகுதான் அதைப் பிடிக்க வேண்டும், ஏற்ற வேண்டும், சுத்திகரிக்க வேண்டும். எல்லாச் செலவும் அங்கிருந்து வருகிறது.

ஆகவே கரட்டின் அடிவாரத்தில், குப்பைக்கு மேலே, மட்டம் பார்த்து ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். இரு பக்கமும் சுற்றிப் போய்க் குப்பையைத் தொடாமல் ஓடையில் சேரட்டும். வெட்டிய மண்ணைக் குப்பைப் பக்கம் வரப்பாகப் போட்டு இறுக்குங்கள். பொக்லைனுக்குச் சில நாள் வேலை. குட்டை தோண்டித் தாள் வாங்கும் செலவில் இது சிறு பங்கு.

அடுத்தது மூடாக்கு. 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள், கொட்டிய குப்பையை அன்றன்றே குறைந்தது 10 சென்டிமீட்டர் மண்ணால் மூடச் சொல்லியிருந்தன. மழைக்காலத்துக்கு முன் 40 முதல் 65 சென்டிமீட்டர் வரை மண் போட்டு, இறுக்கி, சரிவு கொடுக்க வேண்டும். பலரும் மண்ணைப் போடுகிறார்கள், சரிவை விட்டுவிடுகிறார்கள். மேலே தண்ணீர் தேங்கினால் அந்த மண்ணால் பயன் இல்லை. கொட்டும் இடத்தை 50 சென்ட்டுக்குள் சுருக்குங்கள். அப்போது அதே 50 மில்லிமீட்டர் மழையில் திறந்த குப்பையில் விழுவது ஒரு லட்சம் லிட்டர்தான். மூடிய பகுதியில் கொஞ்சம் ஊறத்தான் செய்யும். ஆனால் உங்கள் குட்டை தாங்கும்.

பழைய குப்பைக்கு அடியில் தாள் இல்லை என்பதால் கிழக்கு விளிம்பில் ஓர் அகழி அவசியம். வெளிப்புறச் சுவரில் தாள், அதன்மேல் தடித்த துணி விரிப்பு, துளையிட்ட குழாய், சுற்றிலும் 40 மில்லிமீட்டர் ஜல்லி. நம் பகுதிக் கருங்கல் ஜல்லி இதற்கு நல்லது. சுண்ணாம்புக் கல் கசிவுநீரில் கரைந்து, பிறகு குழாயிலேயே படிந்து அடைக்கும். துணி இல்லாமல் ஜல்லியை நேராகத் தாளில் கொட்டினால் முனை குத்திக் கிழித்துவிடும். குழாயின் இரு முனையிலும் மூடி வையுங்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது கழுவிவிட வேண்டியிருக்கும்.

பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். கசிவுநீரில் இருக்கும் அம்மோனியாவும் கரிமப் பொருளும் குளோரினைத் தின்றுவிடும். நாற்றம் சற்றுக் குறையும், தண்ணீர் தூய்மையாகாது, புதிதாகக் குளோரின் சேர்மங்கள் வேறு உண்டாகும். ஆற்றிலோ ஓடையிலோ விட வேண்டுமானால் பிஓடி (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் பிராணவாயுவின் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அதே 2016 விதிகள் வைத்திருந்த அளவு. புதுக் குப்பையின் கசிவுநீரில் அது பல ஆயிரங்களில் இருக்கும். தூளால் இறங்கும் தூரம் அல்ல அது.

மாம்பழக் கழிவைக் கிடங்குக்குள்ளேயே விடாதீர்கள். மட்கும் குப்பையை உரமாக்கும் நுண் உர மையத்துக்குத் திருப்புங்கள். காய்ந்த இலை, தென்னை நார்க்கழிவு கலந்தால் ஈரம் அங்கேயே பிடிபடும். கிருஷ்ணகிரியில் இதைத் தனித் திட்டமாகவே நடத்த வேண்டும் என்பது என் கருத்து. மாம்பழம் ஆண்டுதோறும் வரத்தானே போகிறது?

தென்பெண்ணைக் கரை விவசாயி:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என் தோட்டமும் ஒரு கிடங்குக்குக் கீழேதான் இருக்கிறது (எந்த ஊர் என்று சொல்லவில்லை). வழிந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணியானாலும் ஒரு போன் போதும். மோட்டாரை நிறுத்துவோம், மாட்டை ஓடைக்கு விடமாட்டோம். எங்கள் ஊரில் வழிந்த செய்தி எங்களுக்கு வந்தது, மாடுகள் ஓடையில் தண்ணீர் குடித்த பிறகு. கோபம் வழிந்ததற்காக இல்லை, மறைத்ததற்காக. கீழே இருக்கும் கிணற்றுக்காரர்களின் எண்களை அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள்.

எனக்கும் ஒரு கேள்வி. கிடங்குக்கு மிக அருகில் இருக்கும் கிணறு நன்றாக இருக்கிறது, தள்ளி இருக்கும் என் கிணறுதான் உப்பாகிவிட்டது. இது எப்படி?

நீர்ச்சோதனைக்காரர்:

கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் கீழே இருப்பது கெட்டிப் பாறை. மணல் பூமியில் நடப்பதுபோல் தண்ணீர் சமமாகப் பரவாது, வெடிப்பு போகும் வழியில் போகும். ஒரு வெடிப்பு பக்கத்துக் கிணற்றை விட்டுவிட்டு உங்கள் கிணற்றில் திறந்தால், தூரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதனால் சரிவில் ஒரே ஒரு கிணற்றைச் சோதித்துவிட்டு ‘கெடுதல் இல்லை’ என்று எழுதுவது தவறு.

கேட்டவருக்கு: நம் நிலத்தடி நீரில் இயற்கையிலேயே புளோரைடும் கடினத்தன்மையும் அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆகவே புளோரைடு கூடியிருக்கிறது என்று கிடங்கைக் குற்றம் சொல்லவும் முடியாது, ‘இங்கே தண்ணீரே இப்படித்தான்’ என்று கிடங்கு தப்பிக்கவும் கூடாது. குளோரைடு, அம்மோனியா, மின்கடத்துத்திறன் (கரைந்திருக்கும் உப்பைக் காட்டுவது) மூன்றையும் பாருங்கள். கரட்டுப் பக்கம் மேலே ஒரு கிணறு, கீழே எல்லாக் கிணறுகளும். மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. மேலே மாறாமல் கீழே மட்டும் ஏறினால் காரணம் இடையில் இருக்கிறது. அம்மோனியா மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். மின்கடத்துத்திறன் மானி கையடக்கமாகக் கிடைக்கிறது, அதை வாராவாரம் நீங்களே பார்க்கலாம்.

கரட்டோரம்:

மிக்க நன்றி ஐயா, எல்லோருக்கும். இன்று கரட்டில் ஏறிப் பார்த்தேன். பழைய வண்டித்தடம் ஒன்றே வாய்க்காலாகிக் கரட்டுத் தண்ணீரை நேராகக் குப்பைக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறது. பொக்லைன் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். டேங்கர் விஷயமும், மழையில் மின்சாரம் போனால் பம்பை என்ன செய்வது என்பதும் மீதம்.

ஓய்வுபெற்ற பொறியாளர், தருமபுரி:

அந்த வண்டித்தடத்தை இன்றே மண்மூட்டை போட்டு அடையுங்கள், வாய்க்கால் வெட்டும் வரை தாங்கும்.

டேங்கர் நிற்க ஒரு சிமெண்டுத் தளம் போடுங்கள். சுற்றிலும் சாண் உயரக் கட்டை, சரிவு குட்டையை நோக்கி. சிந்தினால் தானே திரும்பிவிடும். குழாய் இணைப்பு பூட்டும் வகையாக இருக்கட்டும், கம்பி சுற்றிக் கட்டுவது வேண்டாம். ஏற்றும்போது பம்பு சுவிட்சருகே ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும். அதையும் மீறிச் சிந்தினால் பம்பை நிறுத்தி, சரிவுப் பக்கம் மண் அணை கட்டி, உறிஞ்சி எடுத்து, நனைந்த மண்ணைச் சுரண்டிக் குப்பையில் போடுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் அதை ஓடைக்கு நீங்களே அனுப்புவதாகும்.

குட்டையில் விளிம்புக்கு 60 சென்டிமீட்டர் கீழே சிவப்புக் கோடு போடுங்கள். தண்ணீர் கோட்டைத் தொடுவதற்கு முன்பே டேங்கர் வர வேண்டும். மின்சாரத்தை நம்பாமல் டீசல் பம்பு ஒன்று வையுங்கள், வாரம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டேங்கர் போய்ச் சேரும் கழிவுநீர் நிலையத்தில் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கி, சிறுகச் சிறுகவே விடச் சொல்லுங்கள். அம்மோனியா ஒரேயடியாகப் போனால் அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

பம்பு அடைத்துக்கொண்டால், அகழிக் குழாயின் தண்ணீர் வந்து சேரும் சேகரிப்புத் தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் இருக்கும், பிராணவாயு இருக்காது. ஹைட்ரஜன் சல்பைடின் நாற்றத்தை மூக்கு கொஞ்ச நேரத்தில் உணராமலேயே போய்விடும். பம்பைச் சங்கிலியில் தொங்கவிட்டு மேலிருந்தே தூக்கும்படி இப்போதே அமைத்துவிடுங்கள்.