புதுப்பிப்பு: வழக்குரை பாட இளைஞர்களை விடலாமா என்று கேட்டிருந்தேனே

மட்டக்களப்பில் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில், கண்ணகி கதையைப் பாட்டாகச் சொல்லும் வழக்குரையை இளைஞர்களைப் பாட விடலாமா என்றுதான் முன்பு கேட்டிருந்தேன். பெரியவர்கள் 'பிழை விடுவார்கள்' என்றார்கள். பொடியன்கள் 'பழக விட்டால்தானே' என்றார்கள்.

சரி, சடங்கு முடிந்தது. மூன்றாம் இரவு, பண்டிதர் வி.சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த கண்ணகி வழக்குரையை மடியில் வைத்து ஒரு தம்பி பாடினான். கணீரென்ற குரல், ஆனால் ஒரே ஓட்டம். பக்கத்திலிருந்த கட்டாடியார் (கோயில் பூசகர்) ஐயா நிறுத்தவில்லை. அவனுடைய முழங்காலில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். நாலைந்து அடிக்குள் பாட்டு அந்தத் தட்டுக்கு வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மனின் கோபத்தைக் குளிர்விக்கப் பாடும் குளிர்த்தியை மட்டும் ஐயாவே பாடினார். அதுதான் முறை என்று நினைக்கிறேன். இப்போது வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவர் வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் பழகுகிறார்கள்.